பணம் போய்ச் சேர்ந்ததற்கு என்ன அத்தாட்சி?

கேள்வி, சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகர் (2025 ஜூன் 1)

பர்மாவில் சண்டைக்குப் பயந்து ஊரை விட்டு ஓடி வந்தவர்களுக்காக நாங்கள் சில நண்பர்கள் கொஞ்சம் பணம் திரட்டியிருக்கிறோம். மார்ச் மாத நிலநடுக்கத்துக்கு அனுப்பிய பணம் யார் கைக்குப் போனது என்று இதுவரை தெரியவில்லை. அதனால் இந்த முறை, வாங்குகிறவரின் படம், பெயர், கையெழுத்து மூன்றும் கிடைக்கும் என்றால்தான் அனுப்புவது என்று முடிவு செய்திருக்கிறோம். நியாயமான நிபந்தனைதானே?

ஜூன் 2

கேட்பதில் தப்பில்லை, ஆனால் அந்த மூன்றையும் கேட்காதீர்கள். பர்மாவின் மோன் மாநிலத்தில், மோல்மீனில் இருந்துகொண்டு, ஓடி வந்தவர்களுக்கு உதவியைக் கொண்டு சேர்க்கிற இந்த வேலையைச் செய்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன். வெள்ளைக்காரன் 1908-ல் போட்ட சட்டவிரோத அமைப்புகள் சட்டம் இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. அதில் 17(1) பிரிவின்படி, தடை செய்த அமைப்போடு தொடர்பு வைத்திருந்தாலே இரண்டு முதல் மூன்று வருடம் சிறை. கரென் பகுதிக்குள் ஒரு கிராமத்தில் அரிசி இறக்க வேண்டும் என்றால், அந்த ஊரைப் பார்த்துக்கொள்கிற ஆயுதக் குழுவினரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இறக்க முடியாது. அந்த ஒரு வார்த்தையைத் தொடர்பு என்று யாராவது எழுதிவிட்டால் போதும். இதற்கு மேல் பயங்கரவாத எதிர்ப்புச் சட்டம் வேறு. வழியில் கேட்டில், அதாவது சோதனைச் சாவடியில், நிறுத்திக் கைபேசியை வாங்கிப் பார்க்கிறார்கள். முகமும் பெயரும் நிறைந்த ஒரு கைபேசியைக் கொடுத்து யாரோ பெற்ற பிள்ளையை அந்த வழியில் அனுப்ப எனக்கு மனசு வராது.

கணக்கு கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள். அதை எப்படித் தருகிறோம் என்று நாளைக்கு எழுதுகிறேன், கரண்ட் போகிற நேரம் ஆகிவிட்டது.

ஜூன் 3

சரி, எங்கள் நடைமுறை இதுதான்.

பணம் உண்டியலில்தான், அதாவது வங்கிக்கு வெளியே தரகர் வழியாக அனுப்பும் முறையில்தான், வருகிறது. வங்கி வழியாக வந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 2022 ஆகஸ்டிலிருந்து அரசு வைத்திருக்கும் விலை ஒரு டாலருக்கு 2,100 கியாட், வெளியே சந்தையில் 2025 நடுவில் 4,000-க்கும் மேல். அரசு விலையில் மாற்றினால் பாதி அரிசி வழியிலேயே போய்விடும். உண்டியல்காரர் கமிஷன் எடுத்துக்கொண்டு கையில் கியாட்டாகக் கொடுப்பார். கமிஷன் எவ்வளவு என்று உங்கள் கணக்கில் எழுதுவோம்.

அப்புறம் அரிசி. ஒரே கடையில் மொத்தமாக எடுப்பதில்லை, எடுத்தால் யாருக்கு இவ்வளவு என்ற கேள்வி வரும். பல கடைகளில் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்போம். மூட்டை என்றால் பர்மிய அளவில் 24 பியி (படி மாதிரி ஓர் அளவு), கிட்டத்தட்ட 49 கிலோ. எந்தத் தேதியில், என்ன ரகம், மூட்டை என்ன விலை என்று குறித்து வைப்போம். அந்த விலை சரியா என்று மோல்மீனில் உங்களுக்குத் தெரிந்த எவரிடமும் விசாரித்துக்கொள்ளலாம். எங்கள் கணக்கில் பொய் சொல்ல முடியாத இடம் அதுதான்.

எத்தனை குடும்பம், அதில் எத்தனை குழந்தை, எத்தனை கர்ப்பிணி, தலைக்கு எத்தனை நாள் அரிசி, இவ்வளவும் எழுதுவோம். ஆனால் ஊர் பெயர், ஆள் பெயர் இருக்காது. கொண்டு போனவர் ஒரு கணக்கு சொல்வார். வாங்கிய பக்கத்திலிருந்து வேறொருவர், முன்னவர் என்ன சொன்னார் என்று தெரியாமல், தனியாக ஒரு கணக்கு சொல்வார். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் அதையும் உங்களுக்கு எழுதுவோம்.

ஜூன் 3, ராத்திரி

இன்னொன்று விட்டுப்போயிற்று. "எங்கள் பணம் முழுக்க அரிசிக்கு மட்டும்தான் போகணும்" என்று யாரும் எழுத வேண்டாம். படகுக்கு டீசல் வேண்டும், மோட்டார்சைக்கிளுக்குப் பெட்ரோல் வேண்டும், கேட்டில் கொடுக்க வேண்டியதைக் கொடுக்க வேண்டும், ஓட்டுகிற பையன் அன்றைக்குக் கூலி வேலைக்குப் போக முடியாது. அந்தச் செலவை நீங்கள் கொடுக்காவிட்டால் அவன் வீட்டுச் சோற்றிலிருந்துதான் அது போகும்.

ஜூன் 7

வாசகர் ஒருவர் "35 லட்சம் பேர் முகாம்களில்" என்று எழுதியிருக்கிறார். நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர்கள் 35 லட்சம் என்பது ஐநா சொல்லும் அளவுதான், சரி. முகாம் என்பதுதான் சரியில்லை. 2012 கலவரத்துக்குப் பிறகு அரக்கான் மாநிலத்தில் சித்வே பக்கம் அடைத்து வைத்த ரோஹிங்யா மக்கள், 2011 ஜூனில் சண்டைநிறுத்தம் முறிந்த பிறகு கச்சின் மாநிலத்தில் முகாம்களுக்கு வந்த ஒரு லட்சம் பேர் வாக்கில், இவர்களைத்தான் பழைய முகாம்காரர்கள் என்று சொல்லலாம். 2021-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு ஓடியவர்களில் ரொம்பப் பேர் காட்டு ஓரத்தில், ஆற்றங்கரையில், புத்த மடத்தில், சர்ச்சில், சொந்தக்காரர் வீட்டுத் தாழ்வாரத்தில் இருக்கிறார்கள். சிலர் பகலில் வயலுக்குப் போய்விட்டு ராத்திரி காட்டுக்கு வருகிறார்கள், சில ஊர்களில் இது தலைகீழ். விமானச் சத்தம் கேட்டால் மறுபடி இடம் மாறுவார்கள். மூன்று நான்கு முறை மாறிய குடும்பங்கள் எங்களுக்குத் தெரிந்தே நிறைய.

இதனால்தான் பெரிய அமைப்புகளால் அவர்களிடம் போக முடியவில்லை. ஒரே இடத்தில் இருந்தால் லாரி போகலாம். இவர்களைத் தேடிப் போக, எந்தத் தோட்டத்தில் எந்தக் குடும்பம் இருக்கிறது என்று தெரிந்த ஒரு பாஸ்டரோ, ஒரு பள்ளிக்கூட டீச்சரோ, ஒரு செவிலிப் பெண்ணோதான் வேண்டும்.

ஜூன் 8

படம் வேண்டாம் என்று நான் பிடிவாதமாக நிற்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பக்கத்தில் ஒரு சர்ச் ஹாலில் சில குடும்பங்களைத் தங்க வைத்திருந்தார்கள். வெளியூரிலிருந்து அரிசி கொடுக்க வந்த ஒரு குழு பேனர் கட்டி, பெண்களை வரிசையாக நிற்க வைத்து, ஆளுக்கொரு பையைப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தது. அன்றைக்குச் சாயங்காலமே பேஸ்புக்கில் போட்டுவிட்டார்கள். பின்னால் சர்ச்சின் பெயர்ப்பலகை தெளிவாகத் தெரிந்தது. மறுநாள் வார்டு ஆபீஸிலிருந்து ஆள் வந்து விருந்தாளிப் பட்டியல் எங்கே என்று கேட்டார்கள். ராத்திரி வீட்டில் வெளியாள் தங்கினால் பதிவு செய்ய வேண்டும் என்ற பழைய விதியை 2021 பிப்ரவரியிலேயே திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள், இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும். அந்தக் குடும்பங்களில் வயசுப் பையன்கள் இருந்தார்கள். கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் 2024 பிப்ரவரியில் அமலுக்கு வந்த பிறகு எந்தத் தாயாவது மகன் பெயரைப் பட்டியலில் எழுத விடுவாளா? இருட்டுகிறதற்குள் எல்லாரும் போய்விட்டார்கள். வாங்கிய அரிசியில் பாதியைத் தூக்க முடியாமல் அங்கேயே வைத்துவிட்டுப் போனார்கள்.

அந்தக் குழுவில் இருந்தவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அவர்களுக்குப் பணம் கொடுத்தவர்கள் படம் கேட்டார்கள், அதனால் எடுத்தார்கள்.

ஜூன் 15

சாமானா பணமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். முடிந்தவரை பணம். முதல் வாரம் மட்டும் விதிவிலக்கு. அப்போது கையில் பானைகூட இருக்காது, சமைத்த சோறுதான் வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் தேவை வேறு வேறாகிவிடும். ஒருத்திக்கு அரிசி இருக்கும், எண்ணெயும் உப்பும் நாப்பியும் (மீன், இறால் அரைத்த விழுது) இருக்காது. ஒருத்திக்கு மாதவிலக்குத் துணி வேண்டும், அதை ஆண்கள் நிற்கும் வரிசையில் கேட்க மாட்டாள். பணமாகக் கொடுத்தால் அவளே பார்த்துக்கொள்வாள். இப்போது பல இடங்களில் நாங்கள் அரிசி ஏற்றுவதே இல்லை. உள்ளே இருக்கிற கடைக்காரரிடம் முன்பணம் கட்டிவிடுவோம், அவர் சீட்டுக்குச் சாமான் கொடுப்பார். கேட்டில் நின்று பதில் சொல்ல வேண்டியதில்லை, அந்தச் சின்னக் கடையும் மூடாமல் நடக்கும்.

மருந்து மட்டும் தனிக்கதை. அரிசியை விடுகிற கேட்டில்கூட ஆன்டிபயாட்டிக், சலைன், கட்டுத்துணி பார்த்தால் விட மாட்டார்கள். காயம்பட்ட போராளிக்குக் கொண்டு போகிறாய் என்பார்கள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று சொன்னால் காதில் ஏறாது.

ஜூன் 16

நேற்று எழுதியதை வைத்து எல்லா இடத்துக்கும் பணமே சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அரக்கான் மாநிலத்தைப் பாருங்கள். 2023 நவம்பரில் அங்கே சண்டை மறுபடி தொடங்கியதிலிருந்து ராணுவம் ரோட்டையும் ஆற்றையும் அடைத்து வைத்திருக்கிறது. கடையில் சாமானே இல்லாத ஊரில் நோட்டைக் கொடுத்து என்ன பயன், விலைதான் இன்னும் ஏறும். அதே வருடம் மே மாதம் மோக்கா புயல் அடித்தபோதும் ஜூனில் அங்கே நிவாரணப் போக்குவரத்துக்கு அனுமதியை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் உலக உணவுத் திட்டம் பணமில்லை என்று இந்த நாட்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு உதவியை வெட்டியதே, அதில் நடு அரக்கானில் இடம்பெயர்ந்து இருக்கிற ஒரு லட்சம் பேர் வாக்கில் அடக்கம். அவர்களுக்குச் சோறு போக வேண்டுமென்றால் வழி திறக்க வேண்டும். அதை நம்மைப் போன்ற சின்னக் கைகளால் செய்ய முடியாது, வழியைத் திறக்கச் சொல்லி உரக்கக் கேட்கிற நாடுகள் வேண்டும்.

ஜூன் 22

"உதவி செய்கிறவனை யார் பிடிக்கப் போகிறார்கள், நீங்கள் மிகைப்படுத்துகிறீர்கள்" என்று எழுதியவருக்கு.

2008 மே மாதம் நர்கீஸ் புயலில் ஐராவதி டெல்டாவில் செத்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்த்து ஏறக்குறைய 1,40,000 பேர். அப்போது நான் ரங்கூனில் இருந்தேன். வெளிநாட்டுக் கப்பல்களை உள்ளே விடவில்லை, சாதாரண ஜனங்கள்தான் காரிலும் லாரியிலும் அரிசி, தண்ணீர், லோஞ்சி (பர்மியக் கைலி) ஏற்றிக்கொண்டு போனார்கள். நாங்களும் போனோம். ரோட்டு ஓரத்தில் மழையில் கைநீட்டி நின்றவர்களுக்கு நடுவே வண்டியை நிறுத்தாதே, வீசாதே என்று அதிகாரிகள் ஆங்காங்கே தடுத்தார்கள். இறந்தவர்களை ஆற்றிலிருந்து எடுத்து அடக்கம் செய்த கிராமத்து ஆட்களின் முகம் எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. நகைச்சுவை நடிகர் சர்கனார் இதே வேலையைத்தான் செய்தார், டெல்டாவில் நிவாரணம் கொடுத்தார், பார்த்ததை வெளிநாட்டு ஊடகங்களிடம் சொன்னார். ஜூனில் பிடித்தார்கள், 59 வருடம் தண்டனை போட்டார்கள், பிறகு 35 ஆகக் குறைத்தார்கள், 2011 அக்டோபரில்தான் வெளியே வந்தார்.

அது பழசு என்றால் புதுசும் இருக்கிறது. 2021 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கயா மாநிலம் ப்ரூசோவில் ராணுவத்தினர் 35 பேருக்கு மேல் கொன்று வண்டிகளோடு எரித்தார்கள், அதில் இரண்டு பேர் சேவ் த சில்ட்ரன் ஊழியர்கள், வேலை முடித்து வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்கள். 2022 அக்டோபரில் வந்த பதிவுச் சட்டத்தின்படி பதிவு இல்லாமல் இயங்குகிற அமைப்புக்காரர்களுக்குச் சிறை. இந்த வருடம் நிலநடுக்கம் முடிந்த நாலாம் நாள் ராத்திரி, ஷான் மாநிலத்து நௌங்சோவில் சீனச் செஞ்சிலுவை வண்டிகள் போனபோது ராணுவத்தினர் சுட்டார்கள், எச்சரிக்கைக்குச் சுட்டோம் என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். சீனக் கொடி கட்டிய வண்டிக்கே அப்படி என்றால் எங்கள் பையனின் மோட்டார்சைக்கிளுக்கு என்ன மரியாதை கிடைக்கும்?

ஜூலை 1

கோயில் பணத்தை முதலில் நம்ம ஆளுங்களுக்குக் கொடுக்கணும் என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

நம்ம ஆளுங்களும் ஓடியிருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. மோன் மாநிலத்திலும் பெகு பக்கத்திலும் வயல் வைத்திருக்கிற தமிழ்க் குடும்பங்கள் இந்தச் சண்டையிலிருந்து தப்பிவிடவில்லை. அவர்களுக்குக் கொடுப்போம், கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் ஒரே மரத்தடியில் பத்து குடும்பம் உட்கார்ந்திருக்கும்போது அதில் தமிழ் பேசுகிற ஒன்றை மட்டும் கூப்பிட்டு அரிசி கொடுத்துவிட்டு வர என்னால் ஆகாது. கொடுத்தாலும் நாங்கள் திரும்பின பிறகு மீதி ஒன்பது குடும்பத்தோடு அந்த ஒரு குடும்பம் எப்படி இருக்கும்?

நாமும் ஓடினவர்கள்தான். 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது இந்தியர் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் தரைவழியாக வெளியேறினார்கள், பெரும்பாலும் நடை. தௌங்கூப் கணவாயில் காலராவில் செத்தார்கள், மணிப்பூர் எல்லையோர டாமு வழியில் செத்தார்கள், ஹுகாவுங் பள்ளத்தாக்கில் சேற்றில் செத்தார்கள், எத்தனை ஆயிரம் என்று யாரும் ஒழுங்காக எண்ணவில்லை. என் அப்பாவின் சித்தப்பா டாமு வழியாகப் போனவர். வழியில் பர்மியக் கிராமத்துக்காரர்கள் சிலர் விரட்டினார்கள், சிலர் தண்ணீரும் வாழைப்பழமும் கொடுத்தார்கள், மலைக்கு அந்தப் பக்கம் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டக்காரர்கள் சங்கம் போட்ட முகாமில் சூடாகச் சாப்பாடு கிடைத்தது என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம். அப்புறம் 1964. கடைகளை அரசு எடுத்துக்கொண்டது, 50, 100 கியாட் நோட்டு செல்லாது என்று சொன்னது, கப்பல் கப்பலாக நம் ஜனங்கள் இந்தியாவுக்குப் போனார்கள். அங்கே போய் ஒட்டாமல் தரைவழியாகத் திரும்பி வர முயன்றவர்கள் எல்லையில் தடுக்கப்பட்டு மணிப்பூர் பக்கத்து எல்லை ஊரான மோரேயிலேயே தங்கிவிட்டார்கள், கோயில் கட்டினார்கள், தமிழ்ச் சங்கம் வைத்தார்கள். 2021-க்குப் பிறகு டாமு பக்கத்திலிருந்து ஓடிப் போனவர்கள் அதே மோரேயில்தான் தஞ்சம் புகுந்தார்கள். 2023 மே மாதம் மணிப்பூர் கலவரத்தில் அந்த மோரேயும் எரிந்தது. ஓடி வந்தவர்களுக்கு இடம் கொடுத்தவர்களே ஓட வேண்டி வந்தது.

இதையெல்லாம் தெரிந்த வீட்டில் பிறந்துவிட்டு, கரென் பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று கூட்டம் போட்டுப் பேச எனக்கு வெட்கமாக இருக்கிறது, அண்ணன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஜூலை 2

அண்ணன் போன் செய்து பேசினார். அவர் கவலை வேறு: கோயிலில் பெரிய அளவில் வெளியாட்களுக்குச் செய்தால் கோயிலுக்கே கேள்வி வரும் என்று. அது உண்மையான கவலை. அதனால்தான் கோயில் பெயரில் எதுவும் செய்வதில்லை, கோயில் பாத்திரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

ஜூலை 12

பாத்திரம் என்றதும் ஒருவர் சமையல் பற்றிக் கேட்டார். ஆயிரம் பேருக்குத் திருவிழாவில் அன்னதானம் சமைத்த கைகள் நம்மிடம் இருக்கின்றன, இந்த வேலையில் அது பெரிய சொத்து. முதலில் சோறும் சாம்பாரும்தான் செய்தார்கள். பிள்ளைகள் சாப்பிட்டார்கள். ஒரு கரென் பாட்டி மட்டும் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். என்ன வேண்டும் பாட்டி என்று கேட்டதற்கு, தலப்போ கிடைக்குமா என்றார். மூங்கில் குருத்து, கீரை, கொஞ்சம் அரிசி எல்லாம் போட்டு வைக்கிற குழம்பு அது. அன்றைக்கே நம் சமையல்காரர் அவரையே அடுப்புப் பக்கம் உட்கார வைத்துக் கேட்டுக் கேட்டு வைத்தார். அதற்குப் பிறகு அந்தப் பாட்டியை அடுப்பை விட்டு எழுப்ப முடியவில்லை, வந்தவர்களில் பெண்கள் எல்லாரும் சமையலுக்குள் வந்துவிட்டார்கள். என்ன வேண்டும் என்று கேட்பதற்கு ஒரு காசும் செலவில்லை, அதை மறந்துபோவதுதான் எல்லா இடத்திலும் நடக்கிறது.

ஜூலை 20

முதல் கேள்விக்கே திரும்பி வருகிறேன், ஏனென்றால் சிங்கப்பூர்க்காரருக்கு நான் சொன்ன பதில் முழுசாக இல்லை என்று தோன்றுகிறது. எங்களைத் தெரிந்தவர்கள் எங்களை நம்பலாம். தெரியாதவர் எதை வைத்து நம்புவார்? நிலநடுக்க நேரத்தில் பொய் வசூல் நடந்தது என்று இங்கேயே பலர் புகார் சொன்னார்கள். ஏமாந்தவரிடம் போய் சும்மா நம்பு என்று சொல்வது முறையில்லை.

என் யோசனை இது. முதல் தடவை சின்னத் தொகை அனுப்புங்கள். கணக்கு வரட்டும், விலைகளை நீங்களே விசாரியுங்கள். தேதி, மூட்டை, குடும்பம் எல்லாம் பொருந்துகிறதா, போக்குவரத்துச் செலவை மறைக்காமல் எழுதியிருக்கிறார்களா, சரியாக நடக்காததையும் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். எல்லாம் நூறு சதம் நன்றாகவே நடந்தது என்று எழுதுகிற குழுவைத்தான் நான் சந்தேகப்படுவேன். பிறகு அடுத்த தொகை. ஒரே குழுவோடு மாதாமாதம் கொஞ்சமாகத் தொடர்வது, ஒரே தடவை பெரிதாகக் கொடுத்து மறந்துவிடுவதைவிட எங்களுக்கு எவ்வளவோ மேல். ஓடி வந்த முதல் மாதம் எல்லாரும் கொடுக்கிறார்கள், ஆறாவது மாதம் யாரும் இல்லை. அப்போதுதான் கடன் வாங்க ஆரம்பிக்கிறார்கள், பெண் பிள்ளைகளை எல்லை தாண்டி வேலைக்கு அனுப்புகிறார்கள்.

ஆகஸ்ட் 28

ரொம்ப நாள் எழுதவில்லை, மழையில் நெட்டும் இல்லை, நேரமும் இல்லை.

தாய்லாந்துச் செய்தி கேட்டிருப்பீர்கள். எல்லையோர ஒன்பது முகாம்களில் இருக்கிற நம் நாட்டு அகதிகள் வெளியே போய் வேலை செய்யலாம் என்று 26-ஆம் தேதி அங்கே அமைச்சரவை ஒப்புக்கொண்டிருக்கிறது. அங்கே பிறந்து வளர்ந்து, பிள்ளை பெற்றவர்கள்கூட இத்தனை வருடமும் சட்டப்படி வெளியே போய் ஒரு நாள் கூலிக்குப் போக முடியாமல் இருந்தார்கள். வெளிநாட்டுப் பணம் குறைந்து ரேஷன் சுருங்கிய பிறகாவது இது நடந்ததே என்று எனக்குச் சந்தோஷம். எங்கள் பக்கத்துக் குடும்பங்களும் இதைத்தான் கேட்கின்றன: அரிசி கொடுங்கள், கூடவே விதையும் மண்வெட்டியும் கொடுங்கள், பக்கத்து ஊரில் குத்தகைக்கு ஒரு துண்டு நிலம் கிடைக்கிறது என்கிறார்கள்.

சிங்கப்பூர்க்காரர் முதல் தொகை அனுப்பினார், படம் கேட்கவில்லை, நன்றி. கணக்கு உண்டியல்காரர் மூலமே போயிருக்கிறது. அதில் இரண்டு மூட்டை நனைந்து வீணானதையும், ஒரு கேட்டில் திருப்பி அனுப்பியதால் டீசல் இரட்டிப்பு ஆனதையும் எழுதியிருக்கிறேன். அடுத்த தொகையில் பாதிக்குத் தார்ப்பாயும் கொசுவலையும் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறேன், மலேரியா திரும்ப வந்துவிட்டது. இங்கே மழை அக்டோபர் வரைக்கும் இருக்கும், தார்ப்பாய் விலை வாரத்துக்கு வாரம் ஏறுகிறது, அதனால் பதிலைக் கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.